இல்லத்திலிருந்து பொருளீட்டல்

கடல் கடந்து பொருள் தேடுதல் இலங்கைத் தமிழர்க்குப் புதியதன்று. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் ஆங்கிலக் கல்வியைத் துணையாகக் கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதக் கந்தோர்களிலும் அரசாங்கக் கணக்குப் பகுதிகளிலும் எழுதுவினைஞராய் அமர்ந்து ஊருக்குப் பணம் அனுப்பினர். அப்பணத்தை நம்பி இயங்கிய குடாநாட்டு வாழ்வுக்கு 'மணியோடர் பொருளாதாரம்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. அக்காலத்தில் வேலை தூரத்தே இருந்தது. மனிதன் அதனை நாடிச் சென்றான். இன்று சிலவகை வேலைகளைப் பொறுத்தமட்டில் இம்முறை தலைகீழாகிவிட்டது. மனிதன் தன் வீட்டுத் திண்ணையிலேயே இருக்க, வேலை இணையத்தின் வழியாக அவனிடம் வந்து, முடிந்த பின்னர் அதே வழியால் திரும்பிச் செல்கின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வகை வேலையின்பால் பலருடைய கண்ணைத் திருப்பிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. மாதச் சம்பளக்காரரின் ரூபா தேய்ந்துகொண்டிருக்க, வெளிநாட்டு வேலையை வீட்டில் இருந்து செய்து டொலரிற் கூலி பெற்றவர்கள் நிலைகுலையாது நின்றனர். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிய காலமும் அதுவே; குறித்த நேரத்தில் வேலையை ஒப்படைப்பதற்காக மின்சாரமுள்ள அயலூருக்குக் கணினியைச் சுமந்து செல்ல நேர்ந்தவர்களும் உளர். அது வேறு கதை. அயலிலே ஒருவன் டொலர் உழைக்கின்றான் என்ற செய்தி பரவியதும், "எங்கள் பிள்ளைக்கும் அப்படியொரு வழியில்லையா?" என்று கேளாத பெற்றோர் அரிதாயினர்.

வழி உண்டு. அவ்வழியின் இரு மருங்கிலும் குழிகளும் உண்டு. கைத்தொலைபேசிக்கு வருகின்ற 'வீட்டிலிருந்தபடியே நாளொன்றுக்குப் பல்லாயிரம் ரூபா' என்ற அழைப்புகளை நம்பி, தாலிக்கொடியை ஈடுவைத்துப் பணம் கட்டி இழந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருக்கின்றன. ஆகவே மெய்யான வேலையைப் பொய்யான வேலையினின்றும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

இதற்கு உரைகல் ஒன்று உண்டு. அது பழைய கைத்தொழில்களிலிருந்தே கிடைப்பது. மருதமுனையில் வீட்டுத் தறியில் நெசவு செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்க. அவள் நெய்த துணியைக் கடைக்காரர் வாங்குகின்றார். கடைக்காரரிடமிருந்து உடுப்பவர் வாங்குகின்றார். கூலி எங்கிருந்து வருகின்றது என்று கேட்டால், துணி உடுப்பவரின் மடியிலிருந்து என்று ஐயமின்றி விடை கூறலாம். இணைய வேலையிலும் இக்கேள்வியையே கேட்டல் வேண்டும். இந்தப் பணம் யாருடைய பணம்? அவர் எப்பயனைக் கருதி அதனைத் தருகின்றார்? இவ்விரு வினாக்களுக்கும் தெளிவான விடையிருப்பின் அது தொழில். விடை புகைமூட்டமாயின், பெரும்பாலும் அப்பணம் வேலை தேடி வந்தவரின் சொந்தப் பணமாகவோ, அவருக்குப் பின்னால் வரவிருக்கும் இன்னொருவரின் பணமாகவோ இருக்கும்.

மெய்யான வேலைகளில் நம்மவர்க்கு மிக இசைந்தது கற்பித்தலாகும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர், தம் பிள்ளைகளுக்குத் தமிழும் பண்ணிசையும் வீணையும் மிருதங்கமும் பயிற்றுவிக்க ஆசிரியரைத் தேடுகின்றனர். கூலி தருபவர் பெற்றோர்; பெறும் பயன் பிள்ளையின் கல்வி; இதில் மறைபொருள் எதுவுமில்லை. ஆனாற் கால வேறுபாட்டைக் கணக்கிலெடுத்தல் அவசியம். கோடைகாலத்து ரொறன்ரோவிற் சனிக்கிழமை காலை 9 மணியாகும்போது இலங்கையில் மாலை 6.30, குளிர்காலத்தில் அதுவே இரவு 7.30 ஆகிவிடும். இந்நேரம் ஆசிரியருக்கு வசதியானது. இலண்டனிற் பிள்ளை பாடசாலை விட்டு வந்து மாலை 5 மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதோ இங்கே குளிர்காலத்தில் இரவு 10.30 ஆகியிருக்கும். மெல்பேண் பிள்ளையின் மாலை 5 மணி, அந்நாட்டுக் குளிர்காலத்தில், இங்கே நண்பகல் 12.30. வீட்டிலே சிறு குழந்தையுள்ள தாய், அவுஸ்திரேலிய மாணவரை ஏற்பதா, இங்கிலாந்து மாணவரை ஏற்பதா என்பதைக் குழந்தை உறங்கும் நேரத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புலம்பெயர்ந்த பிள்ளைக்குத் தமிழ் இரண்டாம் மொழி, சிலருக்கு மூன்றாம் மொழி. இங்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு ஆயத்தஞ்செய்யும் முறையில் அப்பிள்ளைக்குக் கற்பித்தால் இரண்டு வாரத்தில் வகுப்பு நின்றுவிடும். 'வந்தான்' என்பதற்கும் 'வந்தாள்' என்பதற்குமுள்ள வேறுபாடே அங்குப் புதுமையான பாடமாகும். இவ்வுண்மையை அறிந்து, பாடத்தைத் தாமே மாற்றி அமைக்கும் ஆசிரியரிடம் பெற்றோர் இன்னும் இரு பெற்றோரை அழைத்து வருவர்.

அடுத்தது கணக்கெழுதும் வேலை. வணிகக் கல்வி கற்று, கணக்கியற் பரீட்சைகளிற் சில படிகளைக் கடந்தவர்கள் இந்நாட்டில் மிகப் பலர். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள சிறு வணிகரின் பற்றுச்சீட்டுகளைப் பதிந்து, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, மாத அறிக்கை தயாரித்தல் வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலையாகும். அவுஸ்திரேலியாவின் வரியாண்டு ஜூன் 30இல் முடிகின்றது. அதன் பின்னுள்ள மாதங்களில் வேலை குவியும். இங்கிலாந்திற் சொந்தத் தொழில் செய்வோர் இணையம் வழியாக வரி விவரம் கொடுப்பதற்குக் கடைசித் தேதி ஜனவரி 31. ஆதலாற் பொங்கல் விடுமுறையைப் பற்றி எண்ண நேரமிராது. இவ்வேலையில் ஒருமுறை நம்பிக்கை பெற்றவரை முதலாளி எளிதில் விடுவதில்லை. பிறருடைய கணக்குப் புத்தகத்தைப் புதியவர் கையில் அடிக்கடி மாற்ற எவர்தான் விரும்புவர்?

மொழிபெயர்ப்பும் தட்டச்சும் முன்பு எளிய வாயில்களாக இருந்தன. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர் இவற்றின் கீழ்ப்படிகள் சரியத் தொடங்கிவிட்டன. சாதாரண ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், பொருள் விளம்பரங்களை மொழிமாற்றுதல் முதலியவற்றை இயந்திரம் நொடியிற் செய்கின்றது. எனினும் தமிழில் அது செய்யும் பிழைகள் இன்னும் பலவாதலால், அதன் எழுத்தைத் திருத்தும் வேலையும், இயந்திரத்துக்குப் பயிற்சியளிப்பதற்காகத் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையும் தோன்றியுள்ளன. இங்கு ஒரு சிறு தடை. நம் நாட்டு அச்சகங்களில் நெடுங்காலம் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டெழுதிப் பழகியவர்கள் ஏராளம். அவ்வெழுத்துருவில் எழுதியதை வேறொரு கணினியில் அவ்வெழுத்துரு இல்லாமற் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். இணைய வேலை முழுவதும் யூனிகோட் முறையிலேயே நடைபெறுகின்றது; 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் கொடுக்கப்பட்டிருந்தது. விரல்களின் பழக்கத்தை மாற்ற ஓரிரு வாரம் செலவிடுவது வீணாகாது.

இவற்றையன்றி, மென்பொருள் எழுதுதல், இணையத்தளம் அமைத்தல், படம் வரைதல், காணொளி தொகுத்தல் ஆகியன நல்ல கூலி தருவன. ஆனால் அவை தனித்தனிக் கல்வியை வேண்டி நிற்பவை. யூரியூப் வருவாயைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். விளம்பரப் பங்கு பெறுவதற்கான வழமையான நிபந்தனையே ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டிலே நாலாயிரம் மணிநேரப் பார்வையும் என்பதை அறிந்தால், அதனை அடுத்த மாத வாடகைக்கு நம்பக்கூடாது என்பது விளங்கும்.

முன்பின் அறியாத இருவர், வெவ்வேறு நாட்டினர், எவ்வாறு ஒருவரையொருவர் நம்பி வேலை கொடுத்து வாங்குகின்றனர்? இதற்காகவே இணையத் தொழிற்சந்தைகள் எழுந்தன. 1990களின் இறுதியில் அமெரிக்காவிற் தொடங்கிய ஈலான்ஸ் என்பதும், 2003இற் தொடங்கிய ஓடெஸ்க் என்பதும் 2013இல் இணைந்து, 2015இல் அப்வேர்க் என்ற பெயரைப் பூண்டன. அவுஸ்திரேலியாவிலிருந்து ஃபிரீலான்சர் என்பது 2009இலும், இஸ்ரேலிலிருந்து ஃபைவர் என்பது 2010இலும் வந்தன. இவை செய்வது நடுவர் பணி. வேலை கொடுப்பவரின் பணத்தை முன்கூட்டியே வாங்கித் தம்மிடம் வைத்திருப்பர். வேலை ஒப்புக்கொள்ளப்பட்டதும் தம் தரகைக் கழித்து மீதியைத் தொழிலாளிக்கு விடுவிப்பர். ஃபைவர் நூற்றுக்கு இருபது வீதம் கழிக்கின்றது. ஐந்து டொலர் வேலைக்குக் கைக்கு வருவது நாலு டொலர். அதிலிருந்து பணம் மாற்றும் நிறுவனமும் வங்கியும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். விலை கூறும்போது இவற்றையெல்லாம் உள்ளடக்கிக் கூறாதவர், மாத இறுதியிற் தாம் எதிர்பார்த்ததற்குக் குறைவாகப் பெற்று மனம் நோவர். சந்தைக்கு வெளியே வந்து நேரடியாகப் பேசுவோம் என்று முதல் நாளிலேயே அழைப்பவருக்கு இணங்குதலும் தகாது. நடுவர் இல்லாத இடத்திற் கூலி வராவிடின் முறையிட எவரும் இல்லை.

அமெசன் நிறுவனம் 2005இல் அமைத்த சிறுவேலைச் சந்தையொன்றுக்கு 'மெக்கானிக்கல் டேர்க்' என்று பெயரிட்டது. 1770இல் வியன்னா அரண்மனையிற் கெம்பலன் என்பவர் காட்டிய சதுரங்க இயந்திரத்தின் நினைவாக வந்த பெயர் அது. துருக்கியன் வேடந்தரித்த பொம்மை தானே காய் நகர்த்தியதைக் கண்டு அரசவை வியந்தது. பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருந்தான். இன்று இயந்திரம் தானே அறிந்ததாகத் தோன்றும் பலவற்றின் பின்னே, படத்தில் இருப்பது பூனையா நாயா என்று குறித்துச் சில சதம் பெறும் மனிதர் பலர் ஒளிந்திருக்கின்றனர். இத்தகைய வேலை நேர்மையானதே. ஆயினும் மணிக்கணக்கைக் கூலியோடு வகுத்துப் பார்த்தால் நம்மூர்க் கூலியிலும் குறைவாக இருக்கக்கூடும். நேர்மையான வேலை என்பதாலேயே அது வாழ்வளிக்கும் வேலையாகிவிடாது. தொடக்க மாதங்களில் ஒரு வேலையும் கிடையாதிருத்தல் வழமை. நல்ல மதிப்புரைகள் சில சேர்ந்த பின்னரே அழைப்புகள் வரும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருத்தல் வேண்டும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

இனிப் பொய்யான வேலைகளைப் பார்க்கலாம். இவை இணையத்தோடு பிறந்தவையல்ல. தபாற்காலத்திலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் 'வீட்டிலிருந்து கடிதவுறை நிரப்பிப் பொருளீட்டுக' என்ற விளம்பரங்கள் வந்தன. விவரம் அறியக் கட்டணம் அனுப்பியவருக்கு ஒரு கடிதம் வரும். 'நீரும் இதுபோன்றதொரு விளம்பரத்தை வெளியிடும். விவரம் கேட்டுப் பணம் அனுப்புவோருக்கு இக்கடிதத்தின் பிரதியை உறையிலிட்டு அனுப்பும்' என்பதே அக்கடிதத்தின் சாரம். நிரப்பவேண்டிய உறை வேறெதுவும் இல்லை. ஏமாந்தவனையே ஏமாற்றுபவனாக்கும் இத்தந்திரம் இன்றும் மாறவில்லை. உறைக்குப் பதிலாக வட்ஸ்அப் குழு வந்திருக்கின்றது.

இப்போது பரவலாயுள்ள முறை இதுவாகும். அறியாத எண்ணிலிருந்து ஒரு பெண்ணின் படத்தோடு செய்தி வரும். காணொளிக்கு விருப்பக் குறியிட்டால், அல்லது விடுதியொன்றுக்கு நட்சத்திரமிட்டால் பணம் என்று கூறப்படும். முதல் நாளில் உண்மையாகவே சில நூறு ரூபா வங்கிக்கு வரும். இதுவே தூண்டிற் புழு. பின்னர் டெலிகிராம் குழுவொன்றிற் சேர்க்கப்படுவர். அங்கே பலர் தாம் பெற்ற இலாபத்தைக் காட்டிக் களித்துக்கொண்டிருப்பர். அவர்கள் பெரும்பாலும் மோசடிக்காரரின் ஆட்களே. பெரிய வேலைக்கு முற்பணம் கட்ட வேண்டும் என்பர். கட்டியதும் திரையிலே மீதித் தொகை ஏறிக்கொண்டே போகும். அதனை எடுக்க முயன்றால், வரி கட்டுக, பிழையான பொத்தானை அழுத்தியதற்குத் தண்டம் கட்டுக என்று மேலும் மேலும் கேட்பர். திரையில் இருந்தது வெறும் எண். கட்டியதோ உண்மையான பணம். வேலை செய்பவன் வேலை கொடுப்பவனுக்குப் பணம் கட்டும் கணத்தில் அது வேலை என்ற நிலையை இழந்துவிடுகின்றது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திரும்பத் தரும் வைப்பு என்று எப்பெயர் சூட்டினும் பொருள் ஒன்றே.

இச்செய்திகளை அனுப்புபவர் எல்லோரும் தம் விருப்பத்தோடு அனுப்புபவர் அல்லர் என்பதும் அறியத்தக்கது. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குச் சென்ற இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, முட்கம்பி வேலிக்குள் இருந்து இவ்வாறான மோசடிச் செய்திகளை எழுத வற்புறுத்தப்பட்டனர். அவர்களில் இலங்கையரும் இருந்தனர். 2024இற் சிலர் மீட்கப்பட்டனர். உல்லாசப் பயண விசாவில் வெளிநாட்டுக் கணினி வேலைக்கு அழைக்கும் எவரையும் ஐயுற வேண்டியதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்கள் இன்னொரு வகை. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அவ்வாறு பேரும் தலைக்கு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்பது திட்டம் எனின், ஒன்பதாம் படியில் ஒரு கோடிக்கு மேற்பட்டவரும், பத்தாம் படியில் ஆறு கோடிக்கு மேற்பட்டவரும் தேவைப்படுவர். இலங்கையின் முழுச் சனத்தொகையே இரண்டு கோடியைச் சற்றே மிஞ்சும். ஆறாம் வகுப்பு மாணவன் பெருக்கிக் காணக்கூடிய இக்கணக்கைப் பட்டதாரிகளும் காணத் தவறுவது வியப்பே. இதற்கு ஒன்றுவிட்ட உறவுடையது பொன்சி முறை. 1920இல் பொஸ்டன் நகரிற் சார்ள்ஸ் பொன்சி என்பவர், 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது இலாபம் என்று கூறிப் புதியவரின் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்து வந்தார். சில மாதங்களுள் அக்கோபுரம் சரிந்தது. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் 83சி பிரிவின்படி பிரமிட் திட்டங்களை நடத்துதல் மட்டுமன்றி, அவற்றை ஊக்குவித்தலும் விளம்பரப்படுத்துதலும் குற்றமாகும். அத்தை மகனைச் சேர்த்துவிட்டவரும் சட்டத்தின் பிடிக்குள் வரலாம். தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகக் கண்டறியப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை இலங்கை மத்திய வங்கி வெளியிட்டு வருகின்றது. பணம் கட்டுமுன் அப்பட்டியலைப் பார்த்தல் நன்று. ஆனால் பட்டியலில் இல்லாமை நேர்மைக்குச் சான்றாகாது.

மிகக் கொடிய பொறி வேறொன்று. 'உமது வங்கிக் கணக்குக்கு வரும் பணத்தை எடுத்து வேறொரு கணக்குக்கு அனுப்பும். நூற்றுக்கு ஐந்து உமக்கு' என்பர். பணம் கட்டும்படி கேட்கவில்லையே என்று இளைஞர் இணங்கிவிடுகின்றனர். அவ்வாறு வருவது ஏமாற்றப்பட்ட இன்னொருவரின் பணம். பொலிசார் தேடி வரும்போது ஏட்டில் இருப்பது கணக்குக்காரரின் பெயரே. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கற் தடைச் சட்டம் இத்தகைய செயலைக் கடுமையாக நோக்குகின்றது. பணம் இழந்தவர் பணத்தை மட்டுமே இழந்தார். கணக்கை இரவல் கொடுத்தவர் வழக்காளியாகி உத்தியோக வாய்ப்பையும் இழக்க நேரிடும்.

மெய்யாக உழைப்பவருக்கும் சில கடமைகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் கூலிக்கு ஏற்கெனவே இருந்த வரிவிலக்கு நீங்கிவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல், வங்கி வழியாக வெளிநாட்டு நாணயத்திற் பெறும் சேவை வருவாய்க்கு உச்சமாக நூற்றுக்குப் பதினைந்து வீத வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையிலான வருவாய்க்கு வரியில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திற் பதிந்து வரி இலக்கம் பெறுவதைப் பலர் அஞ்சுகின்றனர். ஆனால் வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும் நாளில், 'என்ன தொழில்?' என்ற கேள்விக்கு, சம்பளச் சீட்டு இல்லாத இவர்களுக்குக் கைகொடுப்பது அப்பதிவும் ஒழுங்கான வங்கிக் கூற்றுமே.

வீட்டாரின் மனப்பான்மையும் ஒரு தடையே. காலையிற் சைக்கிளில் ஏறிக் கந்தோருக்குப் போகின்றவன் வேலைக்காரன்; அறைக்குள் இருந்து கணினியைப் பார்ப்பவள் சும்மா இருப்பவள் என்ற எண்ணம் மாறவில்லை. திருமணமான பெண்கள் பலர் இத்தொழிலை நாடுவது, பிள்ளையையும் முதியோரையும் விட்டு வெளியே செல்ல இயலாமையாலேயாம். வேலை நடுவே கடைக்குப் போ, தேநீர் வை என்று எழுப்பப்படுபவள், இரவு எல்லோரும் உறங்கிய பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகின்றாள். அவளுக்கு ஒரு மேசையும், கதவடைக்கக்கூடிய ஒரு மூலையும், நாளில் நான்கு மணிநேரமும் கொடுத்தால் வருவாய் கூடும் என்பதை வீட்டார் கணக்காகவேனும் காணலாம்.

ஏமாற்றத்துக்கு ஆளானவர் செய்ய வேண்டியவை சிலவே. மேற்கொண்டு ஒரு சதமும் கட்டலாகாது. உடனே வங்கிக்கு அறிவித்தல் வேண்டும்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுக்கக்கூடியது முதற் சில மணிநேரத்திலேதான். வந்த செய்திகளை வெட்கத்தால் அழித்துவிடாது, எண்களோடும் திகதிகளோடும் பாதுகாத்து, பொலிசிலோ குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலோ முறையிடலாம். பிள்ளை பணத்தை இழந்துவிட்டான் என்று அறிந்த தந்தை முதலிற் கையோங்குவாராயின், அடுத்த பிள்ளை வாய் திறக்காது. சில வாரங்கள் கழித்து, 'நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றோம். சிறு கட்டணம் மட்டும் செலுத்துங்கள்' என்று வேறொரு பெயரில் ஓர் அழைப்பு வரக்கூடும். அதுவும் முன்னர் ஏமாற்றியவர்களிடமிருந்தோ, அவர்களிடம் பெயர்ப்பட்டியலை விலைக்கு வாங்கியவர்களிடமிருந்தோ வருவதாகும்.